ஒண்ணு கூட்டுற வரி

— இன்னும் எட்டு, எட்டுன்னே ஓடுதா?

— நிக்கவே மாட்டேங்குதுய்யா. லேப்டாப் திரை முழுக்க எட்டு.

— உன் கண்ணாடி வாத்தியானுக்குப் போன் போடேன். முதல் மணியிலயே எடுப்பானே.

— எடுப்பாருன்னு சொல்லு. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவரு. தன் வேலை முடிஞ்சும் உக்காந்து எங்களுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லித் தர்றாரு.

— எங்களுக்கா, உனக்கா?

— பேக்கிங்ல இருந்து ஆறு பேரு போறோம்.

— ஆறு பேருக்கும் ‘நல்லா வருது, விடாதீங்க’ன்னு மெசேஜ் வருதாக்கும்?

— ஓ... என் போனையும் நோண்டியாச்சா?

— அதுவா மேல வந்துச்சு. மூணு நாளா இடுப்புப் பிடிச்சுக் கெடக்குறேன், வேறென்னத்தப் பாக்குறது?

— ரெண்டு பெட்டியைச் சேத்துத் தூக்குன்னு யாரு உன்னைச் சொன்னா? நாளைக்குப் பரீட்சை. ஆபீஸ்ல இருக்கறது ஒரே ஒரு இடம். இது சரியா ஓடலன்னா திரும்ப டேப் ஒட்டத்தான் போகணும்.

— டேப் ஒட்டுறது என்ன அவ்வளவு கேவலமா? பதினோரு வருசமா அதுதானே சோறு போட்டுச்சு.

— கேவலம்னு யாரு சொன்னா? விரலைப் பாரு, மடக்க முடியல... சரி, இப்படி வந்து உக்காரு.

— எனக்கு என்ன தெரியும்? அந்த லேப்டாப்பை நான் தொட்டதுகூட இல்ல.

— தொட வேண்டாம். நீதான் கம்ப்யூட்டர். நான் பேப்பர்ல எழுதி வச்ச வரியைப் பாத்துச் சொல்லுவேன், நீ செய்யணும்.

— ம்... கடைசியில என்னை மெஷினாவே ஆக்கிட்ட.

— லாரியில பெட்டி அடுக்குறோம். அடுக்குக்கு எட்டுப் பெட்டி, மொத்தம் பத்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கு முடிஞ்சதும் எத்தனை பெட்டின்னு சொல்லணும். எட்டு, பதினாறு, இருபத்தி நாலு...

— எண்பது வரைக்கும். இதுக்கு ஒரு கம்ப்யூட்டரா? எங்க லோடு ஏத்துற செட்டுல கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவானுங்க.

— சரிங்க பெரிய மனுசா. அடுக்கு ஒண்ணுல ஆரம்பி. பத்தைத் தாண்டிருச்சா?

— இல்ல.

— எட்டால பெருக்கிச் சொல்லு.

— எட்டு.

— திரும்ப மேல, அதே கேள்விக்குப் போ. இப்ப அடுக்கு எத்தனை?

— ஒண்ணுதான்.

— ஒண்ணா?

— ஆமா. ஒண்ணு கூட்டுற வரிதான் இல்லையே, பின்ன எப்படி ரெண்டாகும்? என்ன அப்படிப் பாக்குற?

— பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதையே கேட்டேன். ரெண்டுன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும் ரெண்டுன்னாரு. பெட்டி அடுக்குற எவனும் ரெண்டுன்னுதான் சொல்லுவான். ‘ஒண்ணு கூட்டுற வரி’ன்னு ஒண்ணு இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

— அது... நீ வாசிக்கலையேன்னு...

— நேத்து மத்தியானம், நான் வேலைக்குப் போனப்புறம் அந்த வரியை எடுத்தியா?

— ஆமா, எடுத்தேன்.

— ஏன்?

— அவன் சொன்னா தலையாட்டுற. நான் பேசினா கொட்டாவி விடுற.

— பொய் சொல்லாத. அதுக்காக இல்ல.

— பதினோரு வருசமா ரெண்டு பேரும் பின்வாசல்லதான் நுழைஞ்சோம், வெளிய வந்தோம். இனி நீ கழுத்துல அட்டையைத் தொங்கவிட்டு முன்வாசல்ல போவ. நான் பின்னால வேர்த்து ஒழுகிட்டு நிப்பேன். ‘அதோ, அவ புருசன்’னு கை காட்டுவானுங்க. வயிறு எரிஞ்சுதுடி, போதுமா? கண்ணாடி சும்மா ஒரு சாக்கு. எரிஞ்சது உன் மேலதான். திட்டணும்னா திட்டிடு.

— இத்தனை வரியில அந்த ஒண்ணை எப்படிய்யா கண்டுபிடிச்ச?

— நீ வாய்விட்டுப் படிப்பியே, கேட்டுக்கிட்டேதானே படுத்திருந்தேன். ஒவ்வொரு வரியா எடுத்து ஓட்டிப் பாத்துட்டு, மறுபடி போட்டேன். இதை எடுத்தப்பதான் நிக்காம ஓடுச்சு.

— கண்ணாடியும் சொன்னாரு, எடுத்தது யாரோ விவரமான ஆளுன்னு.

— அய்யய்யோ... நான்தான்னு சொல்லிட்டியா?

— பூனை மிதிச்சிருச்சுன்னு சொன்னேன்.

— நம்ம வீட்டுல ஏது பூனை... இரு, இரு. அவன்கிட்ட எப்பக் கேட்ட?

— நேத்து சாயங்காலமே. அப்பவே வரியைத் திரும்பப் போட்டாச்சு. இப்ப உன்னைப் பிடிக்கத்தான் மறுபடி எடுத்து வச்சேன்.

— கெட்டிக்காரிதான்... சரி, விடு. நாளைக்கு இடுப்பு எப்படி இருந்தாலும் முன்வாசல் வரைக்கும் நானே கூட வர்றேன். தைரியமா எழுது.

— நாளைக்கு எழுத ஒண்ணுமில்ல. பரீட்சை இன்னைக்குக் காலையிலயே முடிஞ்சுது, இடம் எனக்குத்தான்னு அங்கயே சொல்லிட்டாங்க. உன்கிட்ட தேதியைப் போன வாரமே மாத்திச் சொல்லிட்டேன்... நீ ஏதாவது பண்ணுவன்னு அப்பவே தோணுச்சு.