மாதன்கொட்டாய் கைபம்பும் சவுரியப்பன் ஐயா ஏற்ற பழியும்

30.5.2025, வெள்ளி. முதலில் ஒரு திருத்தம்: பணி நிறைவு விழா அழைப்பிதழில் தங்கள் பணிக்காலம் முப்பத்திரண்டு ஆண்டு என்று அச்சாகிவிட்டது. பதிவேட்டின்படி முப்பத்து மூன்று. அழைப்பிதழைப் பிழை பார்த்தவர் ஆய்வக உதவியாளர் மேனகா. பொறுத்தருள்க.

கல்லடி நீரின் கசப்பான உண்மையையும் கனிவோடு சொன்னவரே! வாட்டும் வெயிலிலும் வழுவாது மாதிரி எடுத்த வித்தகரே! எங்கள் நீர் ஆய்வகத்தின் மூத்த களப்பணியாளர் சவுரியப்பன் ஐயா அவர்களே!

பாலக்கோடு முதல் கம்பைநல்லூர் வரை தாங்கள் குனிந்து நீர் பிடிக்காத ஆழ்துளைக் கிணறு அரிது. அவற்றை அடுக்கிப் புகழவே மேனகா இம்மடலை எழுத உட்கார்ந்தார். மாதன்கொட்டாய் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க் கைபம்பில் நீர் எடுத்தவர், அப்போது பணிக்குப் புதியவரான மேனகா. பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட மறந்தார். அமிலம் இல்லையேல் உலோகம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோதனையில் குறைவாகவே தெரியும். 'குடிக்கலாம்' என்று முடிவு போனது. ஊர் பதினோரு வாரம் குடித்தது. ஐயம் கொண்டு மறுபடி நீர் எடுத்தவர் தாங்கள். யுரேனியம் வரம்பைத் தாண்டியிருந்தது.

மேனகாவை அழைத்துக்கொண்டு தாங்களே போய்ச் சொன்னீர்கள். அவ்வூர்த் தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்தக் கம்பெனிக்காரன் கலந்தான்? பேரச் சொல்லுங்க, ஊரே போறோம்."

"யாரும் கலக்கலீங்கம்மா. அடியில இருக்கற பாறையே கரைஞ்சு வருதுங்க."

"அப்ப பாறையப் புடிச்சு ஜெயில்ல போடுங்க!" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தனர். தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை.

"எம்மவ மாசமா இருக்கறா. அவளும் இதத்தான் குடிச்சா. நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தது யாருங்க?"

மேனகா வாய் திறக்கும் முன், "நான்தாங்க" என்றீர்கள்.

திரும்பும் பேருந்தில், "நீ இன்னும் முப்பது வருசம் அந்த ஊருக்குப் போவணும். உன் ரிசல்ட்ட அவுங்க நம்பணும். பேசாத இரு" என்றீர்கள்.

பிள்ளை நலமாகப் பிறந்தது. பழி மட்டும் போகவில்லை. சென்ற வாரம் இவ்விழாவுக்கு அழைக்கப் போன மேனகாவிடம், "பொய் ரிசல்ட் குடுத்தவருக்கு மாலை வேறயா? எங்க வூட்டுல இருந்து ஒருத்தரும் வர மாட்டோம்" என்றார் தீர்த்தம்மாள். அப்போதும் மேனகா வாய் மூடியே திரும்பினார்.

ஐயா, தங்கள் சொல்லை நாங்கள் மீறுவது இதுவே முதல்முறை. இவ்வரிகளை எழுத ஊழியர் அனைவரும் இசைந்தோம். பழியின்றி நடக்கும் தெருக்களும் நோயற்ற நெடுநாட்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

கலங்கிய கண்களுடன்,
நீர் ஆய்வகப் பணியாளர்கள்

நாளை, சனி: காலை ஏழேகால் பேருந்தில் மேனகா மாதன்கொட்டாய் போக வேண்டும். அமிலம் விட மறந்தது யார் என்று தீர்த்தம்மாளிடம் சொல்ல வேண்டும்.