லயம் பூராவும் ஒரே கவலை

மயில்சாமி: ...அழுகோணுங்களா, இல்ல சும்மா சொன்னாப் போதுங்களா?

சசிகலா: எதுக்குங்ணா அழுகோணும்? கவுன்சலிங் ரூமுக்கு வந்துட்டு வாசல்லயே நிக்கறீங்க. கதவைச் சாத்திட்டு உக்காருங்க மொதல்ல.

மயில்சாமி: இல்லீங்க மேடம், பாலாமணி அக்கா அழுதுச்சாமா. அழுதாத்தான் கணக்குல சேருமோன்னு...

சசிகலா: எந்தக் கணக்கு?

மயில்சாமி: ஒண்ணுமில்லீங்க. நான் ஆரம்பிக்கறனுங்க. ஃபேக்டரி மூடினதுலருந்து ராத்திரி தூக்கமில்லீங்க...

சசிகலா: ...சங்கு ஊதற நேரத்துக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சுப் போய் பூட்டின கேட்டு முன்னால நிக்கறீங்க. எதுக்கு வந்தோம்னு தெரியல. சரிங்களா?

மயில்சாமி: ...சரிதானுங்க. உங்களுக்கு எப்படிங்க...?

சசிகலா: நேத்து பாலாமணி அக்கா இதையேதான் சொன்னாங்க. அதுக்கு முந்தி அழகர்சாமி. அதுக்கும் முந்தி ஆண்டாயி. அந்தம்மா தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிக்கறவங்க, ஃபேக்டரிக்குள்ள கால் வெச்சதே இல்ல! எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு இருக்கு. உங்க லயத்து வீடுகள்ல என்னங்ணா நடக்குது?

மயில்சாமி: ...சிரிக்க மாட்டீங்கல்ல?

சசிகலா: சிரிக்கற நெலமையில நான் இல்ல. சொல்லுங்க.

மயில்சாமி: நீங்கதானுங்க சொன்னீங்க, ஆளு வரலீன்னா உங்களை அனுப்பின டிரஸ்ட்டுல மானியத்தை நிறுத்திருவாங்க, இந்த ரூமையும் மூடிருவாங்கன்னு. தேயிலை வெலை உழுந்ததுலருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரி போச்சு, கொழந்தைகளைப் பாத்துக்கற பிள்ளைக் காம்பரா போச்சு. டாக்டரைப் பாக்கோணும்னா நடுவட்டம் போய் ஊட்டி பஸ் புடிக்கோணும். இதாவது இருக்கட்டும்னு முறை வெச்சோமுங்க.

சசிகலா: முறைன்னா?

மயில்சாமி: பைப்புல தண்ணி புடிக்க முறை வெக்கறோமில்லீங்க, அது மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு ஊடு.

சசிகலா: கடவுளே... அவங்கவங்க கவலையச் சொல்லியிருக்கலாமேங்ணா. யாருக்கு இல்ல?

மயில்சாமி: வெக்கமுங்க. சொந்தக் கதை வெளிய வந்தா பொழுதுக்குள்ள லயம் பூராப் பரவிரும். பொதுவா ஒண்ணு இருந்தா யாருக்கும் கேடில்லீங்களே.

சசிகலா: அந்தப் பொதுக் கதைய யாரு குடுத்தது?

மயில்சாமி: நாந்தானுங்க... நல்லா இருந்துச்சுங்களா?

சசிகலா: டிரஸ்ட்டுல இருந்து டாக்டர் ஒருத்தர் வந்தாரே, நெனப்பிருக்கா?

மயில்சாமி: அன்னைக்கு நெறைய பேரை அனுப்பினமுங்க. கூட்டமா இருந்தா நல்லதுன்னு.

சசிகலா: வந்தவங்க எல்லாரும் அவர்கிட்ட அதே கதைய, அதே வார்த்தையில சொன்னாங்க. ஒப்பிக்கறாங்க, இங்க யாருக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாருங்ணா.

மயில்சாமி: ...அப்படின்னா?

சசிகலா: நேத்தே தகவல் வந்துருச்சு. உங்ககிட்டச் சொல்ல மனசு வரல. மானியம் நின்னுபோச்சு. நாளைக்கு ரூமைப் பூட்டிட்டு நான் கோயமுத்தூர் கெளம்பறேன்.

மயில்சாமி: அப்ப எங்களாலதானுங்களா மூடறாங்க?

சசிகலா: உங்க மேல கோவமில்லீங்ணா. நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க. இனி யாரும் நடிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க... ஏனுங்ணா, துண்டை இப்படி இழுத்துப் போத்திக்கறீங்க?

மயில்சாமி: குளிருதுங்க.

சசிகலா: கதவு சாத்தித்தானே இருக்கு... ஒண்ணு கேக்கறேன். அந்தக் கதையோட கடைசியில, விடியறப்ப கண்ணு முழிக்காமயே போயிட்டாத் தேவலைன்னு வருமே. அதைச் சொல்ல ஆண்டாயிக்கு வாய் வரல. பாலாமணி அக்கா அந்த எடத்துலதான் அழுதாங்க. அதை எப்படிங்ணா யோசிச்சீங்க?

மயில்சாமி: யோசிக்கலீங்க மேடம். எல்லாரும் சொல்லி முடிக்கட்டும்னு என்ற முறையைத் தள்ளித் தள்ளி வெச்சேன். அப்ப நான் சொன்னாலும் நடிப்புன்னு நெனச்சுக்குவீங்க, எனக்கும் வெக்கமா இருக்காதுன்னு... அது என்ற சொந்தக் கதைங்க. நாளைக்குத்தானுங்களே கெளம்பறீங்க, இன்னைக்குக் கேட்டுட்டுப் போங்க.