போட்டிக் கம்பெனியின் அலாரம்

எனக்கு இளநரை, சார். கல்யாணத்துக்கு முன்னாடியே தலை பஞ்சாயிடுச்சு. விற்பனை வேலையில நரைச்ச தலையோட போய் நின்னா, “ஏன் பெரியவரே இந்த வெயில்ல அலையுறீங்க”ன்னு தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க, ஆர்டர் குடுக்க மாட்டாங்க. அதனால டை அடிப்பேன். அது ஒண்ணும் குத்தமில்லையே.

நான் விக்கிறது சென்சார். மீனும் பழமும் கெடாம வைக்கிற குளிர்பதனக் கிடங்குல அமோனியா வாயுதான் குளிரூட்டும். அது கசிஞ்சா மோப்பம் பிடிச்சு அலாரம் அடிக்கிற பெட்டி. எங்க பெட்டி நல்ல பெட்டி. போட்டிக் கம்பெனியோடதும் நல்ல பெட்டிதான், அதை மறைக்க மாட்டேன். ரெண்டும் நல்லா இருந்தா எவன் சார் மாத்துவான்? என் பொழப்புல அதுதான் தலைவலி.

என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி, அப்படி ஒரு கிடங்குல மெஷின் ரூம் ஆபரேட்டர். அங்க மாட்டியிருந்தது போட்டிக் கம்பெனி பெட்டி. அந்த ஆர்டரை மட்டும் பிடிச்சா ஏரியா மேனேஜர் நாற்காலி எனக்குத்தான்னு பேச்சு. ஒருநாள் டை அடிச்ச கையோட மச்சானைப் பாக்கப் போனேன். பெட்டிக்கு அடியில நின்னு குடும்பக் கதை பேசிட்டிருக்கோம், அது வீல்னு அலறுது. விழுந்தடிச்சு வெளிய ஓடினோம். கசிவே இல்ல. வீட்டுக்கு வந்து டை டியூபைத் திருப்பிப் பாத்தா, அதுலயும் அமோனியா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

அப்புறம் என்ன, கைக்குட்டையில கொஞ்சம் அந்தக் கிரீமைத் தடவி, கவர்ல போட்டு எடுத்துட்டுப் போவேன். பெட்டிகிட்ட நின்னு வேர்வையைத் துடைக்கிற மாதிரி ஒரு பாவனை. நிஜமாத் துடைச்சா மூஞ்சி கறுத்துடும். முதல்ல எல்லாரும் ஓடினாங்க. கொஞ்ச நாள்ல நடந்தாங்க. அப்புறம் டீ கிளாஸைக்கூட கீழே வைக்கல. “இந்தச் சனியனைக் கழட்டி எறிங்கப்பா”ன்னு கிடங்கு மேனேஜர் கத்தினார். நான் வாயே திறக்கல. அடுத்தவன் சரக்கைக் குறை சொல்றது எனக்குப் பிடிக்காது.

மச்சான் மட்டும் விடாம ஓடினான். பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் ஓட்டினாங்க. அவன் ஓடுறதைப் பாத்து, “ஒருவேளை நிஜமா இருக்குமோ”ன்னு மேனேஜரும் கழட்டத் தயங்கினார். ஆர்டர் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாம நின்னுச்சு. ஒருநாள் வீட்டுக்கு வந்தவனை உக்கார வச்சுப் பேசினேன்.

“அது டப்பா பெட்டிடா. இந்தத் தொழில்லயே ஊறினவன் சொல்றேன். கத்தினா கத்திட்டுப் போகுது, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு.”

“நிஜமாவா மாமா?”

“உன்கிட்ட நான் பொய் சொல்வேனாடா?”

“நீங்க சொன்னா சரிதான் மாமா.” தங்கமான பிள்ளை சார், என் பேச்சைத் தட்டினதே இல்ல.

போன வாரம் அங்க ஒரு வால்வு விட்டுப்போய், நிஜமாவே அமோனியா கசிஞ்சுடுச்சு. அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகல, அதைக் கண்டிப்பா எழுதிக்குங்க. பெட்டி சரியான நேரத்துலதான் அடிச்சிருக்கு. வாடை மூக்குல ஏறினப்புறம் ஓட நேரம் இருக்காது. அந்த நேரத்தைக் குடுக்கத்தான் பெட்டியே. அலாரம் கேட்டதும் மச்சான் எழுந்து கதவு வரைக்கும் போயிருக்கான். அங்க நின்னு தனக்குத்தானே சிரிச்சுட்டு, திரும்பி வந்து உக்காந்திருக்கான். கேமராவுல நீங்களும் பாத்தீங்க. என் கைக்குட்டையையும் அதுலதானே பாத்தீங்க.

ஆமா சார், எல்லாம் நான் செஞ்சதுதான். வீட்டுக்காரி என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறா. நானும் குலுங்கிக் குலுங்கித்தான் அழுதேன். துக்க வீட்டுல மேனேஜர் என் கையைப் பிடிச்சுட்டு, “இனிமே உங்க பெட்டிதான்”னார். காரியம் முடியக்கூட காத்திருக்காம நானே நேர்ல போய் மாட்டிக் குடுத்துட்டு வந்தேன். என் மச்சான் வேலை பாத்த இடம் சார். அங்க இருக்கிறவங்க உயிரை வேற எவனையோ நம்பி எப்படி விடுறது?