தண்ணீரில் தேறிய பேட்ச்

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பதுதான் ஆய்வகத்தில் என் முதல் வேலை. தண்ணீரில் காற்று கலந்திருந்தால் குழாய்க்குள் குமிழி நின்றுகொள்ளும், சோதனை கெட்டுவிடும். "எங்க அக்கா வெந்நீர் வச்சே சம்பளம் வாங்குறா" என்று என் தங்கை பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சரியான வாலு. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நான் சோதிப்பது கண்ணுக்குள் வைக்கிற ஒரு வடிகால். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். கிளாக்கோமா வந்தவர்களுக்கு அது வெளியேறும் வழி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறி நரம்பு நசுங்குகிறது. போன பார்வை போனதுதான். அதனால் நூல் போன்ற ஒரு குழாயை உள்ளே பொருத்துகிறார்கள். அதோடு ஒரு மெல்லிய வால்வு. அழுத்தம் ஏறினால் அது திறக்க வேண்டும், இறங்கினால் மூட வேண்டும். ஒரே தடவையில் செய்து வருகிற தொகுதியை பேட்ச் என்போம். ஒவ்வொரு பேட்சிலும் சிலவற்றை எடுத்து, கண் ஊறுகிற அதே நிதானத்தில் பம்பு வைத்து நீரைச் செலுத்திப் பார்ப்பேன். முதலில் வெறும் தண்ணீர். பிறகு புரதம் கலந்த நீர், ஏனென்றால் கண்ணில் ஊறுவது வெறும் தண்ணீர் இல்லை. இரண்டிலும் தேறினால்தான் அந்த பேட்சில் மீதமுள்ள குழாய்கள் மருத்துவமனைக்குப் போகும்.

என் தங்கைக்கும் அந்த நோய்தான். அம்மா போனபோது அவள் தவழ்கிற குழந்தை. தாய்க்குத் தாயாக, பொத்திப் பொத்தி நான்தான் வளர்த்தேன். அவளுடைய இடது கண், அது என்ன நோய் என்று எனக்குப் புரிவதற்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணுக்குக் காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுவேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு ஓயாமல் பேசுவாள். அந்த நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

மருந்து கேட்காமல் போனதும், குழாய் வைத்துவிடலாம் என்றார் மருத்துவர். அன்று சாப்பிடும்போது தங்கை பேச்சை எடுத்தாள்.

"அக்கா, கண்ணு சரியாயிட்டா நான் அந்த வேலைக்குப் போறேன். சிநேகிதி ரூம்கூடப் பாத்துட்டா."

"எந்த வேலை?"

"எத்தனை தடவை சொல்றது, நீதான் காதுலயே வாங்கல. வெளியூர் தையல் கம்பெனி. டிசைன் வரையற வேலை."

"சொட்டு மருந்து யாரு விடுவா?"

"அதான் இனிமே சொட்டே வேணாமே!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். "போயிட்டு வா" என்றுதான் சொன்னேன். அவளை அழ வைத்து எனக்குப் பழக்கமில்லை.

அந்த வாரம் வந்த பேட்ச், தங்கைக்கு அறுவை சிகிச்சை நடக்கவிருந்த மருத்துவமனைக்குப் போக வேண்டியது. அது தண்ணீரில் ஒழுங்காகத் திறந்தது. புரத நீரில் வால்வு ஒட்டிக்கொண்டது. அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, அது அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தேறியது என்று குறித்து அனுப்பினேன். தண்ணீரில் தேறியதுதானே. முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் குருடாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பார்வை கொஞ்சம் மங்கினால் போதும். என் முகம் தெரிய வேண்டும், ரயில் நிலையத்தின் பலகை தெரியக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. எந்த அழுத்தத்தை நரம்பு எதுவரை தாங்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், "விளக்கைச் சுத்தி வளையமா தெரியுதுக்கா, தலை பொளக்குது" என்றாள்.

"தையல் ஆறுற வரைக்கும் அப்படித்தான்டி இருக்கும். டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

பேசவில்லை. அடுத்த பரிசோதனையையும் தள்ளிப்போட்டேன். மடியில் படுக்க வைத்து நெற்றியைப் பிடித்துவிட்டேன். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. ஒரு காலையில் சாப்பாடு எங்கே என்று கேட்டாள். தட்டு அவள் முன்னால்தான் இருந்தது.

நீங்கள் மற்ற நோயாளிகளைப் பற்றியே கேட்கிறீர்கள். ஆமாம், மீதிக் குழாய்களும் போயின. அவளுக்கு மட்டும் தனியாக ஒன்றை அனுப்ப முடியாது, முழு பேட்சும்தான் போகும். பார்வை போனவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்கிறீர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்கிறீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பார்த்துக்கொள்ள யாராவது இருப்பார்கள்.

புகார்கள் குவிந்ததும் மருத்துவமனையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, நான் இருக்கும் பக்கம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தியாக்கா?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்த ஒரு கண்ணுதான்கா இருந்துச்சு எனக்கு."

கூட வந்த சிநேகிதி அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். படியில் நான் கை நீட்டினேன். என் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். இப்போதுகூட நினைத்தால் தாங்க முடியவில்லை.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடித்தால் நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவள் திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்பாள். கண்ணில்லாமல் எவ்வளவு தூரம் போய்விடப் போகிறாள்?