திரும்பி வந்த பைனாகுலர்

அந்தப் பைனாகுலரை ஜன்னல் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஐயா. மேற்குப் பார்த்த ஜன்னல். இன்னும் சற்று நேரத்தில் வெயில் நேராக அதன்மேல் விழும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டியிருக்கிறீர்கள். சாட்சிப் பொருளை அப்படித்தான் வைப்பது முறை என்று ஏட்டையா சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே அடைபட்ட ஈரம் பகலில் ஆவியாகி லென்ஸில் ஏறும், இராத்திரி குளிர்ந்ததும் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை உள்ளே போய்விட்டால் அந்தக் கண்ணாடியை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் போதும்.

நன்றி. எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், அதற்கும். கொஞ்ச நாளாக நிற்க முடிவதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெறும் அலுப்பு.

அருள்பாண்டி என்று பெயரை முன்பே எழுதிக்கொண்டீர்கள். காரைக்குடியில் பெரிய செட்டியார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றி நடத்துகிறார்கள், அங்கே தங்க வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறேன். என் ஊர் சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கம். விடுதிக்கு வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் போட்டோ எடுத்து முடித்ததும் பறவை பார்க்க வேண்டும் என்பார்கள். வேட்டங்குடிக் கண்மாய்க்குக் கூட்டிப் போவேன். அவர்கள் கழுத்தில் கிடந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே இது கிடந்தது. ஜப்பான் சாமான். வார் அறுந்து, மூடி இல்லாமல், யாருக்கும் வேண்டாத பிள்ளையாகக் கிடந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இது ஒன்றுதான்.

இதைச் சுமப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வார் நீளமாக இருந்தால் வயிற்றில் இடித்துக்கொண்டே வரும், அதனால் நெஞ்சு மட்டத்துக்குச் சுருக்கிக் கட்ட வேண்டும். மலை ஏறும்போது கழுத்தில் தொங்கவிடக் கூடாது, குறுக்கே மாட்டி அக்குளுக்கடியில் இடுக்கிக்கொள்ள வேண்டும். தூசி பட்டால் முதலில் ஊதித் தள்ள வேண்டும், வாயால் அல்ல, அமுக்கினால் காற்று வருகிற ரப்பர் குமிழால். துடைப்பது அதற்கப்புறம்தான். வேட்டி முனையால் துடைத்தால் மணல் கீறிவிடும். மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதைச் சேர்த்து வைத்து இதன் பையில் போட்டு மாற்றிக்கொண்டே இருப்பேன். மார்கழிப் பனியில் பிரான்மலை உச்சிக்குக் கொண்டு போயிருக்கிறேன், ஒரு சொட்டு ஆவி படிந்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேல்பாண்டி மச்சான் இறந்த அன்று உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். பனியாக இருந்தது, லென்ஸில் ஆவி படிந்துவிட்டது, அதனால் கடலைக் கொல்லையைச் சுற்றிக் கட்டியிருந்த மின்கம்பி என் கண்ணில் படவில்லை என்றேன். நீங்கள் நம்பினீர்கள். "பழைய சாமான்தானய்யா, பூஞ்சை புடிச்சிருக்கும்" என்று ஏட்டையாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கம்பி கட்டிய கோட்டைச்சாமியைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள், வயதான மனுஷர், அவருக்காகவும் வருத்தம்தான். ஆனால் இன்றைக்கு என்னை இங்கே வரவைத்தது அது இல்லை. கண்ணாடியில் குறை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

வேல்பாண்டி என் அக்கா ஈஸ்வரியின் வீட்டுக்காரர். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. என் அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் காவல் கிடந்தவர் அவர்தான். நான் சவாரி இருக்கிறது என்று காரைக்குடிக்கு வந்துவிட்டேன். அது வேறு விஷயம், இதற்குச் சம்பந்தமில்லை.

சம்பந்தமுள்ளது என்னவென்றால், எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீடு எப்போதும் ஒரு படி கீழேதான். மச்சான் கேட்டால் இல்லை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. என் பைக்கைக் கேட்டார், கொடுத்தேன். கிணற்றில் என் முறைத் தண்ணீரைக் கேட்டார், விட்டுக்கொடுத்தேன். இதை வாங்கி வந்த முதல் வாரமே இதையும் கேட்டார். "பாத்துட்டுத் தாரேன் மாப்ள" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவர், மஞ்சுவிரட்டில் ஒரு காளையின் கொம்பில் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்திருக்கிறார். கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்துவிட்டது. ஒரு கொக்கு இரண்டு கொக்காகத் தெரிந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தேன்.

அடுத்த தடவை முயல் கறிப் பையோடு போட்டுக் கொண்டு போனார். அடுத்த நாளே வீடு தேடி வந்து நீட்டினார். "ரத்தமா இருந்துச்சு மாப்ள, சோப்புத் தண்ணியில முக்கிப் பளிச்சுனு கழுவிட்டேன்" என்றார். முகம் எல்லாம் பெருமை. நான் சிரித்தேன், ஐயா. காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு வளர்ந்த ஆண் பைனாகுலருக்காக அழுவான் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

அக்காவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "குடுத்துத் தொலைடா தம்பி. இல்லைன்னா அவுக மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்துருவாக, அப்புறம் சோறு எறங்காது" என்றாள். அவளும் பாவம்தான்.

சிவராத்திரிக்கு முந்தின நாள் மச்சான் வந்தார். சிங்கம்புணரியில் செங்கல் சூளை வைத்திருக்கிற ஒருவர், இவருக்கு வேண்டியவர், அந்தப் பைனாகுலரைப் பார்த்து ஆசைப்பட்டாராம். "வேட்டை முடிஞ்சதும் குடுத்துர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன் மாப்ள. நீ வேற வாங்கிக்க" என்றார். சரிங்க மச்சான் என்றேன். என் வாயில் வேறு எந்தச் சொல்லும் பழக்கமில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன். கோபம் வரவில்லை. வெயிலில் சுமை தூக்கியவன் இறக்கி வைக்க இடம் தேடுகிற மாதிரி ஒரு அலுப்புதான் வந்தது.

சிவராத்திரி விடிந்ததும் எங்கள் ஊரில் பாரிவேட்டை. வனத்துறை கூடாது என்கிறது, போகிறோம். அதற்குத் தனியாக வழக்குப் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள். நாயும் வலையும் கம்பும்தான், துப்பாக்கி கிடையாது. கிடைத்த கறியை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு வைப்போம். சாமி காரியம் என்பதால் ஒருவரும் செருப்புப் போட மாட்டார்கள். உயரமான பாறையில் ஒருவன் நின்று முயல் எங்கே படுத்திருக்கிறது என்று பார்ப்பான். முயல் கலைந்துவிடும் என்பதால் வாய்விட்டுப் பேசக் கூடாது. எல்லாம் தோள் துண்டுதான். ஒரு பக்கமாக வீசினால் அந்தப் பக்கம் போக வேண்டும். தலைக்கு மேல் பிடித்தால் எல்லாரும் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். பைனாகுலர் வந்த நாளிலிருந்து பாறையில் நிற்பவன் நான்தான்.

வாய்விட்டுப் பேசக் கூடாது என்ற அந்த முறையால்தான் அக்கா கேட்டபோதுகூட எனக்குப் பதில் இருந்தது. பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்து, "நீ மேலதானடா நின்ன, ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். வேட்டையில் குரல் கொடுக்கக் கூடாதுக்கா என்றேன். அவள் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். துண்டைப் பற்றி அவளுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். காட்டுப்பன்றிக்குப் பயந்து கொல்லையைச் சுற்றி மின்கம்பி விடுகிறவர்கள் ஊரில் சிலபேர் உண்டு. விடிந்ததும் அணைத்துவிடுவார்கள். வேட்டை நாளில் மறக்காமல் அணைக்கச் சொல்லிக் கோயில் ஒலிபெருக்கியில் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. சாமி பேரால் சொன்ன பிறகு யாரும் மீற மாட்டார்கள் என்று ஊரே நம்பியது. கோட்டைச்சாமியும் மீற நினைக்கவில்லை. சாயங்காலம் கம்பிக்குக் கரண்டு விட்டுவிட்டுச் சிவராத்திரிக்குக் காளையார்கோவில் போனவருக்குத் திரும்பப் பஸ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் இல்லாததால் காலையில் கம்பியை அணைக்க ஆளில்லை.

நானும் மச்சானும் பாறைமேல் நின்றோம். நாய்களைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டு ஓரம் குத்தவைத்திருந்தார்கள், கண்ணெல்லாம் என்மேல். வெளிச்சம் வந்துவிட்டது. முயலைக் கண்டுபிடித்தேன், கோட்டைச்சாமியின் கடலைக் கொல்லைக்குப் பின்னால் ஒரு ஆவாரம் புதரடியில் காதை மடக்கிப் படுத்திருந்தது. அதற்கு முன்னால் கம்பியைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், குச்சிகளில் கட்டிப் போயிருந்தது. அதன் அடியில் ஒரு கீரி செத்துக் கிடந்தது. வாயில் ஈ இன்னும் மொய்க்கவில்லை. அந்த அளவுக்குத் தெளிவான கண்ணாடி, ஐயா. இதைத்தான் நீங்கள் திருத்தி எழுத வேண்டும்.

மச்சான் பைனாகுலரை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்குச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வராது. எப்போதும் ஒரு மங்கலைத்தான் பார்ப்பார், தெரிகிறது என்று சொல்லிக்கொள்வார். "எங்குட்டு மாப்ள கெடக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"கொல்லைக்குப் பின்னால, ஆவாரஞ் செடிக்கடியில. வரப்போட போய்க் கொல்லையக் குறுக்க தாண்டி வலையக் கட்டுங்க மச்சான்" என்றேன்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பைனாகுலர் நெஞ்சில் ஆடிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் கூப்பிட்டேன். "மச்சான், பைனாகுலரக் குடுத்துட்டுப் போங்க. குனியிறப்ப தரையில மோதும்" என்றேன். வலை கட்டத்தான் போகிறார் என்று மட்டும் நினைத்தவன் அதைக் கேட்டிருக்க மாட்டான். இத்தனை வருஷத்தில் அவரிடம் எதையும் நான் திருப்பிக் கேட்டதில்லை. இது போதும் உங்களுக்கு, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பாதிப் பாறையிலிருந்து திரும்பி ஏறி வந்தார். தலைவழியே வாரைக் கழற்றி, முதல் தடவையாக இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். "ஒங்கக்கா ராத்திரி பூரா வஞ்சுக்கிட்டே இருந்தா மாப்ள. சூளைக்காரர்ட்ட நான் வேற என்னமாச்சும் சொல்லிக்கிறேன். இது ஒன்னோடயே இருக்கட்டும். எனக்கு என்னத்தத் தெரியுது இதுல, கண்ணுல வச்சா ஒரே பொகையா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆக, காரணம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அவர் பாறையை விட்டு இறங்கி, ஓடைமணலைக் கடந்து, வரப்பில் ஏறி, கடலைச் செடிகளுக்குள் பனி ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து போக வேண்டும். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் இருந்தது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அவர் கலைத்திருந்த சக்கரத்தைச் சரிசெய்தேன். வட்டத்துக்குள் அவர் முதுகு வந்தது. சட்டையில் பின்பக்கம் தையல் விட்டிருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். பைனாகுலர் திரும்பி வந்த சந்தோஷத்தில் துண்டை மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். வருகிற வழியில் பஸ்ஸில் மனசுக்குள் அதைச் சொல்லியும் பார்த்தேன், நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது அந்தப் பொய்க்கு இடம் கிடைக்கவில்லை. பாறைமேல் நல்ல காற்று, ஐயா. தோளில் கிடந்த துண்டு பறந்து பறந்து முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. காட்டோரம் இருந்தவர்கள் அதைப் பார்த்து நிற்கச் சொல்வதாக நினைத்து, எதிரே வருகிற மச்சானையும் கை காட்டி நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அதை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.