சிவப்புப் பொட்டு வைத்த பிளக்

அக்கா, நேற்றும் நீ சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு சாந்தம்மாள் போனில் சொன்னார். கொஞ்சம் சாமைக் கஞ்சியாவது குடி. எத்தனை முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. அதனால் நான் வாயால் சொல்கிறேன், இந்த போன் எழுதிக்கொள்கிறது. அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பிளக்கில் பொட்டைத் தப்பான பக்கம் வைத்து, கட்டிக்கொள்ளவிருந்த சிவசங்கர் மாமாவை நானே கொன்றுவிட்டேன் என்று நீ எல்லோரிடமும் அழுகிறாயாம். அது உண்மையில்லை. நீ சரியாகத்தான் வைத்தாய்.

நம் மலையில் நடக்கவிருந்த சினிமா ஷூட்டிங்குக்காக மாமாவும் நானும் அந்தப் பழைய வால்வு டிவியைச் சென்னைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து, புதூர்நாட்டில் நம் வீட்டில் இறக்கினோம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் கரண்டுக் கம்பி ஒன்று உள்ளே இருக்கும் இரும்புத் தட்டோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தட்டு முழுக்க கரண்டு. அதனால்தான் மாமா டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிளக்கிலும் சுவரிலிருக்கும் சுவிட்ச் பலகையிலும் உன்னை நெயில் பாலிஷால் பொட்டு வைக்கச் சொன்னார். பொட்டுக்கு நேர் பொட்டு.

அன்று படம் நாலு பக்கமும் சுருங்கித் தெரிந்தது. வால்வு போய்விட்டது என்றேன்.

“மச்சான், வால்வு நல்லாத்தான் கீது. மலைல கரண்டு கம்மி. வூட்டப் பாக்காம பெட்டியக் கொற சொல்றியே.”

“அவன் சின்னதுலருந்தே அப்பிடித்தான். சோறு கொழஞ்சா அரிசியத் திட்டுவான்” என்றாய் நீ. இருவரும் சிரித்தீர்கள்.

ஸ்டெபிலைசர் வைத்ததும் படம் விரிந்தது. ஆனால் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார்.

பழுதைப் படத்தில்தான் தேட வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு பேசும்போது விரிந்திருந்தது. நான் உள்ளே வந்தால் சுருங்கியது. இவரிடம் ஏதோ பழுது இருக்கிறது, உன்னைப் பாதியில் விட்டுவிடுவார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். சாப்பிடும்போது அவரே வாய்விட்டுச் சொன்னார்.

“கல்யாணம் முடிஞ்சதும் ரஞ்சிதத்த ஓசூருக்கு இட்டுனு போயிடறேன் மச்சான். வூட்டப் பூட்டி சாவிய உன்னாண்ட குடுத்துடறோம்.”

“நான் லீவுல வந்தா எங்க போறது?”

“இன்னா மச்சான், ஓசூருக்கு வா. பாய் தலகாணி எல்லாம் கீது.”

நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அம்மா போன பிறகு, நான் வருகிற நாளெல்லாம் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நிற்பவள் நீ. பூட்டிய கதவு முன்னால் நான் பையோடு நிற்பது கண்ணில் தெரிந்தது. அதற்காக இல்லை அக்கா. உனக்காகத்தான்.

விடிந்ததும் நீ வீட்டை மெழுகிவிட்டுத் தண்ணீருக்குப் போனாய். பிளக்கிலிருந்த பொட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபக்கம் வைத்தேன். பாலிஷ் ஜன்னலிலேயே இருந்தது. பட்டறையில் மாமா ரப்பர் பாய் மேல்தான் நிற்பார். நம் வீட்டுக்கு மரியாதை கொடுத்துச் செருப்பை வாசலில் விட்டார். தரை ஈரம் காயவில்லை. டெஸ்டர் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

“அது எதுக்கு? ரஞ்சிதம் வெச்ச பொட்டு கீதே.”

செருகி, சுவிட்சைப் போட்டார். பின்னால் நிற்பவருக்குப் படம் தெரிய, முன்னால் ஒருவர் கண்ணாடி பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன். கையை உள்ளே விட்டு எதையோ திருகினார். ஓடிய படம் நின்றது. அப்போது அவர் கை தட்டில் பட்டு ஒட்டிக்கொண்டது. சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. படம் ஆடாமல் நன்றாக வந்துகொண்டிருந்தது.

பொட்டை மாற்றியது நான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இனி நீ அழ வேண்டியதில்லை, சாப்பிடலாம். வேலையை விட்டுவிட்டேன். மாலை பஸ்ஸில் வருகிறேன்.

வீட்டைப் பூட்டாதே. வாசல் விளக்கைப் போட்டு வை.