துரையிடம் சொல்லாத குறை

மடுல்சீமை பஸ் பதுளையை விட்டுக் கிளம்பியதும் முன்சீட்டில் இருந்த பெண் தன் தங்கச்சியிடம் சொன்னாள்: "அம்மா அந்த ஆபீசர தோட்டத்துத் தொரைனு நெனச்சிருச்சு."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் தாயை விட்டிருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இன்று அங்கே ஓர் அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார்.

"சப்பாத்துக் காலு சத்தம் கேட்டதும் எந்திரிச்சு நின்னுருச்சு. தலையில கெடந்த துணியையும் எடுத்துருச்சு."

"அவரு என்னக்கா கேட்டாரு?"

"சாப்பாடு நல்லா இருக்கா, யாரும் அடிக்கிறாங்களானு தமிழ்லதான் கேட்டாரு. அது 'ஒரு கொறையும் இல்லீங்க தொர'னு கும்பிடுது."

"கையில அவங்க கட்டிப் போட்ட தழும்பு?"

"முழுக்கை ஸ்வெட்டர் போட்டு விட்டிருந்தாங்க."

"தொரைகிட்ட அது என்னைக்குக் கொறை சொல்லிருக்கு? நீ பக்கத்துலதானே நின்ன. நீ சொல்ல வேண்டியதுதானே?"

மழை உள்ளே அடித்தது. அக்கா ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். பசறை தாண்டியதும் அவள் சொன்னாள்:

"என்கிட்டயும் கேட்டாரு. நல்லா பாக்குறாங்க சார்னுட்டேன்."

"ஏங்க்கா?"

"அந்த எடத்த மூடிட்டாங்கன்னா அம்மாவ நம்ம லயத்து வீட்டுக்குத்தானே கூட்டிட்டு வரணும். காலையில ரெண்டு பேரும் கொழுந்து பறிக்கப் போகணும். அப்ப அத நீ கட்டிப் போடுவியா, நான் கட்டிப் போடவா?"